நானும் வீட்டு வேலையில் உதவுகிறேன். ஆனாலும் வேலைக்குப் போகும் என் மனைவி ஏன் எப்போதும் சோர்வாகவே இருக்கிறார்?

உங்கள் கேள்வியைப் படித்தபோது எங்கள் வீட்டை யாரோ பார்த்து எழுதியது போல இருந்தது. இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், உடம்புக்கு முடியாத அம்மா வீட்டில் இருக்கிறார், காய் நறுக்குவது, கடைக்குப் போவது, துணி மடிப்பது என்று நீங்களும் செய்கிறீர்கள். நான் ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மனைவி அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. 2023 ஜனவரியில் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நான் ஒரே பிள்ளை.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பெண்கள் வார்டு என்பதால் இரவில் ஆண்கள் தங்கக் கூடாது. அதில் தவறில்லை, மற்ற நோயாளிகளும் படுத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்பது இரவும் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது என் மனைவி. காலையில் அங்கேயே குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனார். நான் டிபன் கொண்டுபோய்க் கொடுத்தேன், பில் கட்டினேன். நானும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று மனதார நம்பினேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக் கடையில் நின்றுகொண்டு மூன்று முறை மனைவிக்குப் போன் செய்தேன். எத்தனை மில்லிகிராம்? பத்து நாளைக்கா, ஒரு மாதத்துக்கா? இந்தக் கம்பெனி மாத்திரை இல்லையாம், வேறு கம்பெனி வாங்கலாமா? அவர் வகுப்பில் இருந்தார். சாயந்தரம் கோபமே இல்லாமல் சொன்னார்: "மூணு தடவ கூப்பிட்டீங்க. நானே போயிருந்தா ஒரே தடவைல முடிஞ்சிருக்குங்க."

அன்றைக்குத்தான் உறைத்தது. நான் செய்தது கடைக்குப் போய் வந்தது மட்டும்தான். எந்த மாத்திரை எப்போது தீரும், எதைச் சாப்பாட்டுக்கு முன் தர வேண்டும், அடுத்த முறை டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், எல்லாம் அவர் தலையில் இருந்தது. அதுவும் அவருடைய அம்மாவுக்காக இல்லை, என்னுடைய அம்மாவுக்காக.

எங்கள் வீடு விதிவிலக்கும் இல்லை. மத்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். அப்படி ஈடுபட்டவர்களிலும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் மறுபடி எடுத்தபோது 289, 88. கழித்துப் பாருங்கள். முன்பு 202 நிமிட இடைவெளி, இப்போது 201. ஐந்து வருடத்தில் ஒரு நிமிடம்! கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான், இந்த ஒரு நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருநாள் தேடிப் படித்தேன். 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பெற்றோரைப் பராமரிக்க வேண்டிய 'பிள்ளைகள்' யார் என்று வரையறை இருக்கிறது: மகன், மகள், பேரன், பேத்தி. அந்தப் பட்டியலில் மருமகள் இல்லை. நம் வீடுகளில் முதல் ஆளாக யாரை நிறுத்துகிறோமோ அவர் பெயரே அங்கே வரவில்லை. எங்கள் வீட்டில் கடமைப்பட்டவன் நான் ஒருவன்தான். ஆனால் "உதவுகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததும் நான்தான்.

சரி, முழுதாக எடுத்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். முதலில் மறுத்தது அம்மா. உடம்பு துடைக்கவோ டயப்பர் மாற்றவோ பக்கத்தில் போனால், வலது கையால் போர்வையை இழுத்துப் பிடித்துக்கொள்வார். "நீ போ சாமி, அம்மிணிய வரச்சொல்லு" என்பார். அந்தக் கூச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் இருந்தது. அதனால் அவர் ஒத்துக்கொள்கிறவற்றில் தொடங்கினேன். மாத்திரை, சாப்பாடு ஊட்டுவது, டாக்டரிடம் கூட்டிப்போவது, பயிற்சி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்த இயன்முறை மருத்துவர் கை கால் பயிற்சிகளை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் அவரும் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீட்ல அவங்க இல்லீங்களா?" என்றுதான் கேட்டார்.

மார்ச்சில் பொதுத் தேர்வு. மனைவிக்குத் தேர்வறைக் கண்காணிப்புப் பணி, தவிர்க்கவே முடியாது. பகலில் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆயாம்மாவும் அன்றைக்கு வரவில்லை, அவருடைய பெண்ணுக்குக் காய்ச்சல். (ஆயாம்மா எங்கள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது அவருடைய வயதான அம்மா. இதையும் அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.) வேறு வழியில்லை. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் மாற்றினேன், வெந்நீரில் துடைத்தேன், பவுடர் போட்டேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, "தண்ணி சூடு பத்தல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோர்வு உட்கார்ந்திருப்பது அங்கேதான். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து. நியாயமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு இரவையும் பாதியாகப் பிரித்தோம். அது தப்புக் கணக்கு. அலாரம் யாருக்கு அடித்தாலும் இருவரும் விழித்தோம், ஒரு மாதத்தில் இருவரும் ஓய்ந்துபோனோம். அப்புறம் ஒரு இரவு முழுக்க நான், மறு இரவு முழுக்க அவர், முறையில்லாதவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது என்று மாற்றினோம். முதல் முறை அவர் அப்படி ஏழு மணி நேரம் தூங்கி எழுந்தபோது முகமே வேறாக இருந்தது. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை என்றால் இதுதான்: வேலைகளைப் பங்கு போடாதீர்கள், நேரத்தைப் பங்கு போடுங்கள். உங்கள் நேரத்தில் எது நடந்தாலும் அது உங்கள் பாடு, அவர் காதுக்கே போகக் கூடாது.

இதற்கு அலுவலகத்தில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு மாதம் 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், அந்த வாரம் யாரும் நகர முடியாது. நான் விடுப்புக் கேட்டபோது மேலாளர் உண்மையான ஆச்சரியத்தோடு, "ஏனுங்க, வீட்ல லேடீஸ் யாரும் இல்லீங்களா?" என்றார். இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்து 11 நாள் சம்பளம் போனது. இன்கிரிமென்ட்டும் குறைந்தது. என் மனைவியும் அவருடைய சக ஆசிரியைகளும் பிள்ளைக்குக் காய்ச்சல், மாமனாருக்கு ஆபரேஷன் என்று வருடக்கணக்காக இப்படி இழந்துவந்ததை யாரும் இழப்பாகவே எண்ணியதில்லை. எனக்கு ஒரு வருடம் நடந்ததும் எவ்வளவு வலித்தது!

பெற்றோரை நிராதரவாகக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது அதே 2007 சட்டம். ஆனால் அவர்களை உட்கார்ந்து பார்த்துக்கொள்ள, என்னைப் போலத் தனியார் நிறுவனத்தில் இருக்கிற மகனுக்கு விடுப்புத் தரச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ஜப்பானில் குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க ஊழியருக்கு 93 நாள் விடுப்பு உண்டு, அதை மூன்று தவணையாகப் பிரித்தும் எடுக்கலாம். ஆண், பெண் இருவருக்கும். நம் ஊரில் இதைக் கேட்டுக் குரல் எழ வேண்டும், அதுவும் ஆண்களிடமிருந்து எழ வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பெண்கள் கேட்டால், அப்படியென்றால் வேலையை விட்டுவிடு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், பிள்ளைகளின் பள்ளியில், ஆஸ்பத்திரிச் சீட்டில், மருந்துக் கடையில், ஆயாம்மா போனில் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள். எல்லா இடத்திலும் உங்கள் எண்ணை முதலில் கொடுங்கள். கொடுத்த பிறகும் கொஞ்ச நாளைக்கு உங்கள் மனைவியைத்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. போனை எடுக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நீங்கள் திருப்பிக் கூப்பிடுங்கள்.