கரண்ட் வைத்தும் போகாத முட்டு வலி

கேள்வி: எனக்கு 52 வயது. இருபத்தைந்து வருடமாக அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) தரையில் உட்கார்ந்து பருப்புத் தோல் உரிக்கிற வேலை. ஒரு வருடமாக இரண்டு முட்டும் வலி, வலதுதான் ரொம்ப. எக்ஸ்ரே பார்த்துத் தேய்மானம் என்றார்கள். பத்து நாள் பிசியோதெரபிக்குப் போய்க் கரண்ட் வைத்தேன். படுத்திருந்த நேரம் சுகம், வீட்டுக்கு வந்ததும் பழையபடி. இனி ஆபரேஷன்தானா? வேலையை விட முடியாது.
- கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அக்கா, முதலில் அந்தப் பத்து நாளைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் நானும் பிசியோதெரபிஸ்ட்தான். கரண்ட், மெழுகு ஒத்தடம் எல்லாம் வலியைக் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கும், அவ்வளவுதான். வலி அடங்கியிருக்கிற அந்த நேரத்தில் காலுக்கு வேலை கொடுத்திருக்க வேண்டும். படிப்பை முடித்து நான் முதலில் சேர்ந்த இடத்திலும் இதே கதைதான்: ஆறு கட்டிலில் ஆறு பேருக்குக் கரண்ட் பெட்டியை மாட்டிவிட்டு மணி அடித்ததும் கழற்றுவேன், ஒருவரையாவது நாற்காலியிலிருந்து எழுந்து காட்டச் சொன்னதில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தேய்மானம் என்றதும் பயந்துவிட்டீர்கள். தேய்கிறது எலும்பு முனையில் இருக்கிற குருத்தெலும்பு, அதில் நரம்பே கிடையாது. வலி வருவது மூட்டைச் சுற்றியிருக்கிற சவ்விலிருந்தும் அடியிலுள்ள எலும்பிலிருந்தும். அதனால்தான் எக்ஸ்ரேயில் மோசமாகத் தேய்ந்த ஒருவர் சந்தைக்கு நடந்து போய் வருகிறார், லேசாகத் தேய்ந்த இன்னொருவர் படியைப் பார்த்தாலே நிற்கிறார். நடக்கும்போது முட்டுக்கு நம் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் வரும், படியில் அதைவிடக் கூடுதல். அதில் பங்கு வாங்கிக்கொள்வது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்கிறதே என்று காலை அசைக்காமல் வைத்தால் அந்தத் தசை மெலியும், மெலிந்தால் பாரம் மூட்டிலேயே இறங்கும், அப்புறம் இன்னும் வலிக்கும். இந்தச் சுற்றை எந்தப் பெட்டியாலும் அறுக்க முடியாது.

சரி, என்ன செய்யலாம்? கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, தோர்த்தை (துண்டை) சுருட்டி முட்டுக்கு அடியில் வையுங்கள். முட்டால் அதைக் கீழே அழுத்தி, தொடை இறுகுகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து, ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். பத்து முறை, காலையும் மாலையும். ஒரு வாரம் கழித்து, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிக்கொண்டு மற்றதை மடக்காமல் ஒரு அடி உயரம் தூக்கி, அதே ஐந்து எண்ணுங்கள். அதுவும் பழகியபின், கொஞ்சம் உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக, தொப்பென்று விழாமல், உட்காருங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி ஒன்றுக்கு இணை இல்லை, பஸ்ஸில் எழுவதும் கழிப்பறையில் எழுவதும் இதே அசைவுதானே.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் தணிந்துவிட்டால் சரியான அளவு. வீக்கமோ வலியோ கூடினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். ஆறு வாரமாவது கொடுங்கள், தசை பத்து நாளில் ஏறாது.

வேலையிடத்தில் ஒரு ஸ்டூல் கேட்டுப் பாருங்கள். தரமாட்டார்கள் என்றால் உயரமான பலகையாவது போட்டு உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து காலைப் பத்துத் தடவை நீட்டி மடக்குங்கள். மேஸ்திரி முறைத்தால் முறைக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். எடை கூடுதலாக இருந்தால் அதையும் பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டின் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறையும். மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) குறையுங்கள், மீனை விட வேண்டாம்.

ஆபரேஷன் பேச்சு இப்போது எதற்கு? மாதக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் ராத்திரி தூங்க முடியாமல், வீட்டுக்குள்ளேயே நடக்க முடியாமல் ஆனால் அப்போது டாக்டரிடம் பேசலாம். மூட்டு மாற்றினாலும் இதே பயிற்சியைத்தான் செய்யச் சொல்வார்கள்.

கேள்வி: அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், வயது 58. நேற்று ராத்திரி திடீரென்று ஒரு முட்டு மட்டும் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுடுகிறது, காய்ச்சலும் இருக்கிறது. வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவக் கூட்டிப் போகலாமா?
- அருமனை வாசகர்

பதில்: அச்சாகி வரும்வரை காத்திருக்கிற கேள்வி இல்லை என்பதால் கடிதம் வந்த அன்றே போனில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும். தடவக் கூடாது, பயிற்சியும் கூடாது. ஆசான்மார் மேல் எனக்கு மரியாதை உண்டு, பழைய வலிக்கு அவர்கள் கை சுகம் தரும், ஆனால் காய்ச்சலோடு சிவந்து சுடுகிற மூட்டில் கிருமி இருக்கலாம், அது சில நாளிலேயே மூட்டைக் கெடுத்துவிடும். யூரிக் அமிலம் படிந்தும் இப்படி வரும், இரண்டையும் வீட்டில் பிரித்துப் பார்க்க முடியாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ அன்றைக்கே போக வேண்டும். விழுந்தபின் கால் ஊன்ற முடியாதவர்களும், முட்டு பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட வராதவர்களும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பவர்களும் இப்படித்தான், முதலில் டாக்டர், அப்புறம் நாங்கள்.

கேள்வி: சர்ச்சில் முழங்கால் போட்டால் முட்டு சொடக்குப் போடுகிறது, எழ முடியவில்லை. நிறுத்திவிடவா?
- குளச்சல் வாசகி

பதில்: வலியில்லாத சத்தத்தை விட்டுவிடுங்கள், அது நோயில்லை. வலி இருந்தால் கொஞ்ச நாள் உட்கார்ந்தே ஜெபியுங்கள், மேலே சொன்ன பயிற்சிகளையும் தொடங்குங்கள். திரும்பப் போடும்போது தடிமனான மெத்தை வையுங்கள், எழும்போது முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை முன்னால் ஊன்றி எழுங்கள்.