கார்டு விளையாட்டுப் போட்டி நடத்தும் மென்பொருள் சரியாக அமையவில்லை. கோளாறு எங்கே இருக்கக்கூடும்?

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் கிள்ளானில் உள்ள ஒரு கார்டுக் கடையில் வரும் சனிக்கிழமை நீங்கள் போட்டி வைத்திருக்கிறீர்கள். இளையோரும் பெரியோரும் ஒன்றாகவே ஆடுவார்கள், பரிசு மட்டும் தனித்தனி. ஜாவாவில் எழுதப்பட்ட போட்டி மென்பொருளைக் கடையின் மடிக்கணினியில் இறக்கினீர்கள். இருமுறை சொடுக்கினால் அது இயங்காமல், சுருக்கிய கோப்பைப்போல் உள்ளிருக்கும் கோப்புறைகளை விரித்துக் காட்டுகிறது. நண்பர் ஒருவர் எப்படியோ திறந்து கொடுத்த பிறகு பெயர்ப்பட்டியலை ஏற்றினால், 34 பேரில் 14 பேர்தான் ஏறுகிறார்கள். ஐந்து சுற்று என்று அறிவித்திருக்கிறீர்கள், மென்பொருளோ ஆறு என்கிறது. போதாக்குறைக்கு, அச்சிட்ட முடிவுச்சீட்டின் வலது ஓரம் வெட்டுப்பட்டு வருகிறது.

சில ஆண்டுகளாக வார இறுதிப் போட்டிகளுக்கு மேசையில் உட்கார்ந்து, யாரோடு யார் ஆடுவது என்று இணை போடும் வேலையை நான் செய்துவருகிறேன். நீங்கள் சொன்ன நான்கு தொல்லைகளையும் வெவ்வேறு காலங்களில் பட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் முதலில் மென்பொருளைத்தான் திட்டினேன். உங்கள் விவரத்தைப் படித்தால், மென்பொருளில் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மூன்று தொல்லைகள் கணினியின் அமைப்பிலிருந்து வருகின்றன, ஒன்று வெறும் கணக்கு.

திறக்காத சிக்கலைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். ஜாவா மென்பொருள் பெரும்பாலும் ஜார் கோப்பாக வரும். அது உண்மையிலேயே ஒரு சுருக்கக் கோப்புதான். ஆகவே கணினியில் ஏற்கெனவே இருக்கும் சுருக்க மென்பொருள் அதைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடிவிடும். கோப்பின் மீது வலச்சொடுக்கு செய்து, எதைக் கொண்டு திறப்பது என்ற இடத்தில் ஜாவாவைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் இதையே பயன்படுத்து என்பதையும் குறித்துவிட்டால் போதும். அதன் பிறகும் ஒரு நொடி கண்சிமிட்டிவிட்டு மறைந்தால், ஜாவாவின் பதிப்பைப் பாருங்கள். பழைய மென்பொருள்கள் பல ஜாவா 8ஐ நம்பி எழுதப்பட்டவை. அதனுடன் சேர்ந்து வந்துகொண்டிருந்த ஜாவாஎஃப்எக்ஸ் என்ற திரை வரையும் பகுதி 11ஆம் பதிப்பிலிருந்து தனியே பிரிக்கப்பட்டுவிட்டது. புதியதுதான் நல்லது என்று ஆகக் கடைசிப் பதிப்பை நிறுவியவர்களுக்குத்தான் இந்தச் சோதனை நேரும்.

இனி அந்த 14 பேரின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் ஆபத்தான பகுதி இதுதான். வயதுப் பிரிவு இருப்பதால் உங்கள் பட்டியலில் பிறந்த தேதி என்றொரு பத்தி இருக்கும். ஏறிய 14 பேரின் பிறந்த தேதிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். எல்லாருமே மாதத்தின் முதல் 12 நாட்களுக்குள் பிறந்தவர்களாக இருப்பார்கள் என்று துணிந்து சொல்வேன். நாம் மலேசியாவில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுகிறோம். அந்த மடிக்கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவில் இருந்தால், ஜாவா அதையே தன் இயல்பாக எடுத்துக்கொண்டு மாதத்தை முதலில் எதிர்பார்க்கும். 23/05/2012 என்று கண்டதும் 23ஆவது மாதம் என்று ஒன்று இல்லையே என ஒதுக்கிவிடும். ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நாட்களே 12க்குள் அடங்கும். 34 பேரில் ஐந்தில் இரண்டு பங்கு என்றால் 13, 14 பேர். உங்கள் எண்ணிக்கை அதோடு கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்த்ததும்தான் எனக்கு இந்தச் சந்தேகமே வந்தது.

ஏறாத 20 பேரைப் பற்றி நான் கவலைப்படவில்லை, அவர்கள் வெளியே நின்றுகொண்டு தவறைக் காட்டிக்கொடுக்கிறார்கள். ஏறிய 14 பேரிடம்தான் தவறு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது: ஏப்ரல் 9 பிறந்தவர் செப்டம்பர் 4 பிறந்தவராகப் பதிவாகியிருப்பார். பிரிவு பிறந்த ஆண்டை வைத்துப் பிரிக்கப்பட்டால் தப்பித்தீர்கள்; போட்டி நாளன்று முடிந்த வயதை வைத்துப் பிரித்தால், ஒரு பிள்ளை தவறான பிரிவில் பரிசு வாங்கிப் போகும். எனவே ஏறியவர்களை விட்டுவிட்டு மிச்சம் 20 பேரை மட்டும் கையால் சேர்க்காதீர்கள். எல்லாரையும் நீக்குங்கள், விண்டோஸின் வட்டார அமைப்பை ஆங்கிலம் (மலேசியா) என்று மாற்றி மென்பொருளை மூடித் திறங்கள், பிறகு மொத்தப் பட்டியலையும் புதிதாக ஏற்றுங்கள்.

அப்படி ஏற்றும்போது பட்டியல் கோப்பை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்து, சேமித்து, மூடும் பழக்கத்தையும் நிறுத்திவிடுங்கள். எக்செல் தேதிகளைத் தன் விருப்பப்படி திருத்தும். எண்களின் முன்னால் இருக்கும் பூச்சியங்களையும் விழுங்கிவிடும். யு-கி-ஓ கார்டு ஆட்டக்காரர்களுக்கு அதன் நிறுவனமான கொனாமி வழங்கும் அடையாள எண் 10 இலக்கம் கொண்டது, பலருடையது பூச்சியத்தில் தொடங்கும். எக்செலில் ஒருமுறை போய் வந்தால் அது 9 இலக்கமாகி, யாருக்கும் சொந்தமில்லாத எண்ணாகிவிடும். தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, தேதியும் அடையாள எண்ணும் உள்ள பத்திகளை உரை என்று முன்கூட்டியே குறித்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

பெயர்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கிள்ளான் என்பதால் சொல்கிறேன். முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு பெட்டிகளும் நம்மை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஒருமுறை அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர்களை ஏற்றினேன். இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி என்பவற்றில் உள்ள சாய்கோட்டை மென்பொருள் ஏற்கவில்லை. கோட்டை மட்டும் எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் வரும் அப்பா பெயரையும் சேர்த்துக் குடும்பப்பெயர்ப் பெட்டியில் போட்டேன். முதல் சுற்றின் இணைப்பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது, ஆங்கில அகரவரிசைப்படி தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் முதல் எழுத்தின் கீழ் திரண்டிருந்தார்கள். தன் பெயரைத் தேடிக் கீழே போன ஒரு பையன், "அண்ணே, நான் காசு கட்டிட்டேன், பேரே இல்லையே" என்று ஏறக்குறைய அழுதுவிட்டான். சீன ஆட்டக்காரர்களின் குடும்பப்பெயர் முன்னால் வருவதால் அங்கே வேறு குழப்பம். இப்போதெல்லாம் ஆட்டக்காரரை எல்லாரும் கூப்பிடும் பெயரை இரண்டாவது பெட்டியிலும், மற்றதை முதல் பெட்டியிலும் போடுகிறேன். விளையாட்டு நிறுவனத்திடம் முடிவுகளை அனுப்ப வேண்டிய போட்டியாக இருந்தால் மட்டும் அவர்களிடம் பதிந்துள்ள பெயரை அப்படியே வைத்துவிடுவேன்.

ஆறு சுற்று என்று மென்பொருள் சொல்வது சரிதான். தோற்றவரை வெளியேற்றாமல், ஒத்த புள்ளி உள்ளவர்களை மோதவிடும் சுவிஸ் முறையில் தோல்வியே காணாதவர் ஒருவராகக் குறையும்வரை சுற்றுகள் தேவை. 17 முதல் 32 பேர்வரை ஐந்து சுற்று, 33 முதல் 64 வரை ஆறு. 32 பேர் வருவார்கள் என்று ஐந்தை அறிவித்த பிறகு இரண்டு பேர் கூடுதலாகச் சேர்ந்ததால் வந்த வினை இது. பெரும்பாலான மென்பொருள்களில் சுற்று எண்ணிக்கையைக் கையால் ஐந்தாக்கலாம், ஆனால் 34 பேரில் 17, 9, 5, 3, 2 என்று குறைந்து, ஐந்து சுற்றுக்குப் பின்னும் தோல்வி காணாத இருவர் மிஞ்சக்கூடும். அப்போது முதல் பரிசைத் தீர்மானிப்பது எதிராளிகளின் வெற்றி விழுக்காடுதான். ஆகவே விளையாட்டு வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மேஜிக் என்ற கார்டு ஆட்டத்தில் ஓர் எதிராளியின் விழுக்காடு 33க்குக் கீழே போனாலும் 33 என்றே கொள்வார்கள். நான்கு சுற்றில் ஒன்றே வென்றவருக்கு 12க்கு 3 புள்ளி, அதாவது 25 விழுக்காடு, கணக்கில் அது 33 ஆகிவிடும். போக்கிமானில் அந்த அடித்தளம் 25. வகையை மாற்றிப் போட்டால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது, தரவரிசை மட்டும் மாறியிருக்கும். என்னைக் கேட்டால், மூன்று நாள் இருக்கும்போதே ஆறு சுற்று என்று மறு அறிவிப்புக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை. ஒரு சுற்றுக்கு 50 நிமிடம் என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடும்.

அச்சு வெட்டுப்படுவதற்குக் காரணமும் அமெரிக்காதான். அவர்களின் லெட்டர் தாள் நம் ஏ4ஐவிட 6 மில்லிமீட்டர் அகலம் கூடியது. மென்பொருளின் பக்க அமைப்பிலும் அச்சுப்பொறியின் அமைப்பிலும், இரண்டு இடத்திலும், ஏ4 என்று மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான் ஒரு ரீம் தாளில் கால்வாசியை வீணாக்கியிருக்கிறேன்.

இணையத்தில் இயங்கும் மென்பொருளுக்கே மாறிவிடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். மேஜிக் ஆட்டம் 2020இல் அப்படித்தான் மாறியது. கணினியில் நிறுவும் விசார்ட்ஸ் ஈவென்ட் ரிப்போர்ட்டர் போய், உலாவியில் இயங்கும் ஈவென்ட்லிங்க் வந்தது, ஆட்டக்காரர்கள் கைப்பேசியிலேயே இணையைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஜாவாத் தொல்லை அதோடு தீர்ந்தது, ஆனால் கடையின் வைஃபை படுத்தால் போட்டியும் படுத்துவிடும். இந்தச் சனிக்கிழமைக்கு அது வேண்டாம்.

வியாழன் இரவே அதே மடிக்கணினி, அதே அச்சுப்பொறியோடு உட்கார்ந்து, இந்த 34 பெயர்களையே வைத்து ஒரு பொய்ப் போட்டியை ஆறு சுற்றும் நடத்திப் பாருங்கள். இடையில் ஒருவரை விலக்கி, எண்ணிக்கை ஒற்றைப்படையாகும்போது யாருக்கு பை, அதாவது எதிராளி இல்லாமலே கிடைக்கும் வெற்றி, விழுகிறது என்பதையும் கவனியுங்கள். போட்டிக் கோப்பை ஒன்டிரைவ் கோப்புறையில் வைக்காமல் கணினியிலேயே தனிக் கோப்புறையில் வையுங்கள், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதன் நகலைப் பென்டிரைவில் எடுங்கள். கையெழுத்திட்ட முடிவுச்சீட்டுகளைச் சுற்றுவாரியாகக் கிளிப் போட்டு வைத்தால், கணினி நடுவில் நின்றுபோனாலும் வேறொன்றில் புதுப் போட்டி தொடங்கி, நடந்து முடிந்த சுற்றுகளைக் கையால் இணைத்து, முடிவுகளைத் தட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். மூன்று சுற்று என்றால் அதற்கு எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. பிள்ளைகள் அந்த நேரத்தில் மீ கோரெங் சாப்பிட்டு வந்துவிட்டார்கள்.