அப்பா இல்லாத வீட்டில் மாயக் கதைகள்

கேள்வி: கணவர் இறந்து எட்டு மாதமாகிறது. 15 வயது மகன் பள்ளி விட்டு வந்ததும் புத்தகத்தோடு அறைக்குள் போய்விடுகிறான். எல்லாம் மந்திரவாதி, டிராகன் கதைகள். டோல்கீன் எழுதிய மோதிரக் கதையை இரண்டாம் முறையாகப் படிக்கிறான். அவன் போனைத் திருடிய பையன் பிடிபட்டபோது, "பாவம்மா, விட்டுடலாம்" என்றான். "வாழ்க்கைக்குப் பயந்து ஓடுகிறான், புத்தகத்தைப் பிடுங்கு" என்கிறார் என் அண்ணன். என்ன செய்வது?
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: பிடுங்கிவிடாதீர்கள், சகோதரி.

என் அம்மா போனபோது எனக்கு 13 வயது. துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் "அழாதே" என்றார்கள். ஆயா மட்டும் பின்வாசல் படியில் உட்கார்ந்து, கறிவேப்பிலை உருவிக்கொண்டே வேதாளக் கதை சொன்னாள். பிணத்தைத் தோளில் போட்டு நடக்கிறான் விக்கிரமன். அது கதை பேசுகிறது. அவன் வாய் திறந்ததும் மரத்துக்கே திரும்பிவிடுகிறது. அவன் மறுபடி மரம் ஏறுகிறான். செத்தவரைச் சுமந்துகொண்டும் நடக்கலாம் என்று எனக்குக் காட்டியது அந்தக் கதைதான்.

உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்: டோல்கீன் நம் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைனில் 1892-இல் பிறந்தவர். மூன்று வயதில் அம்மாவோடு இங்கிலாந்து போனார்; 1896-இல் அப்பா இங்கேயே இறந்துபோனார். 12 வயதில் அம்மாவும் போய்விட்டார். பிறகு முதல் உலகப் போர், சோம் போர்க்களம். வாழ்க்கைக்குப் பயந்தவர் எழுதிய கதையா அது?

போன் விஷயத்தைப் பள்ளியில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மகன் சொன்னதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கதையில் கோல்லம் என்று ஒரு கேடுகெட்ட பிறவி வருகிறது. கொல்ல வாய்ப்பிருந்தும், மோதிரத்தை முன்பு வைத்திருந்த பில்போ இரக்கப்பட்டு விட்டுவிடுகிறான், பிறகு அந்தத் தீய மோதிரத்தை எரிமலையில் எறிந்து அழிக்கப் புறப்பட்ட ஃபுரோடோவும். கடைசியில், எரிமலையின் விளிம்பில், மோதிரத்தை எறிய மனம் வராமல் ஃபுரோடோவே தோற்று நிற்கிறான். கோல்லம்தான் அதைப் பறித்து, கால் தவறி, மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறது. அந்த இரக்கம் இல்லாவிட்டால் காரியமே முடிந்திருக்காது. இதை இரண்டு முறை படிக்கிற பிள்ளை "பாவம்மா" என்கிறான். எனக்கு அவனை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

சாப்பாடும் தூக்கமும் கெட்டால், நண்பர்களை அடியோடு விட்டால், தாமதிக்காமல் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள்.

மற்றபடி, "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்க வேண்டாம். நீங்கள் சமைக்கும்போது அவனுக்குப் பிடித்த பக்கத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவன் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும்; பதிலுக்கு நீங்கள் தமிழில் வேதாளக் கதை சொல்லுங்கள். நடுவில் அப்பா பேச்சு வந்தால், அடுப்பை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள்.