ஏற்காட்டு மாணவிக்கு ஈசிஇ போதாதா?

ஏற்காட்டில் சிறிதளவு காப்பியும் மிளகும் பயிரிடும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த மகளுக்குச் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் ஈசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) கிடைக்கும்போல் இருக்கிறது. தாய்மாமனோ, தோட்டத்தை அடகு வைத்தாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் செயற்கை நுண்ணறிவு படிக்க வைக்கச் சொல்கிறார்.

ஐயா, கவலைப்படாதீர்கள் என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் பத்திரம் வங்கிக்குப் போவதற்கு முன் சிலவற்றைக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோடை விழா நாட்களில் சிக்னல் முழுதாகத் தெரிந்தும் அழைப்பு போகாதது ஏன் என்று மகள் நோட்டில் கணக்குப் போடுகிறாள், கேம் தியரி (ஒருவர் முடிவு மற்றவரைப் பாதிக்கும்போது எப்படி முடிவெடுப்பது என்று ஆராயும் கணிதம்) காணொளிகளாகப் பார்க்கிறாள் என்று குறைபோல எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான்.

கைபேசிகள் பயன்படுத்தும் அலைவரிசை குறைவு, அதில் பங்கு கேட்கும் கருவிகளோ ஏராளம். ஒவ்வொரு கருவியும் தன் ஆதாயத்தை மட்டும் பார்த்தால் எங்கே போய் நிற்கும் என்பதை ஆராய, கேம் தியரியில் கணிதவியலாளர் ஜான் நாஷ் 1950இல் முன்வைத்த சமநிலைக் கருத்து, அதாவது ஒருவர் மட்டும் தன் முடிவை மாற்றி லாபம் காண முடியாத நிலை, உதவுகிறது. பக்கத்துத் தோட்டக்காரர் ஆழ்துளைக் கிணற்றை ஆழப்படுத்தினால் நாமும் ஆழப்படுத்துகிறோம். கடைசியில் எல்லோருக்கும் செலவு கூடுகிறதே தவிர நீர் கூடுவதில்லை. ஒரே அலைவரிசையைப் பகிரும் கைபேசிகள் போட்டிபோட்டு சிக்னல் அனுப்பும் மின்திறனை உயர்த்தினாலும் இதே கதிதான். அந்த மின்திறனுக்கு ஒரு கற்பனை விலை வைத்தால் எல்லோரும் மேம்பட்ட நிலைக்கு வர முடியும் என்று குட்மேன், மாண்டயம் ஆகிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வாக்கில் காட்டினார்கள்.

வைஃபையிலும் கருவிகள் பொதுவாக 0 முதல் 15க்குள் ஓர் எண்ணைத் தற்செயலாக எடுத்து, அதற்கேற்பக் காத்திருந்தே தகவலை அனுப்புகின்றன. மோதல் நேர்ந்தால் அந்த வரம்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஒருவர் மட்டும் எப்போதும் சிறிய எண்ணையே எடுத்தால் அவருக்கு வேகம் கூடும்; எல்லோரும் அப்படிச் செய்தால் எவருடைய தகவலும் ஒழுங்காகப் போய்ச் சேராது. ஏமாற்றுவதில் லாபமில்லாதபடி விதியை வகுப்பதுதான், கம்பியில்லாத் தொடர்பில் கேம் தியரியைப் பயன்படுத்தும் இத்துறையின் வேலை. அலைக்கற்றை ஏலத்தை வடிவமைப்பதும் இதே கணிதம்தான். ஏல முறைகளை மேம்படுத்தியதற்காகவே மில்கிராமும் வில்சனும் 2020இல் பொருளாதார நோபல் பெற்றார்கள்.

இதற்குத் தேவையான ரேடியோ, சிக்னல், நிகழ்தகவுப் பாடங்கள் ஈசிஇயில்தான் அடுத்தடுத்து வருகின்றன. கேம் தியரியை ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் செலவில்லாமல் படிக்கலாம். பி.இ. முடித்தவுடனேயே இத்துறையில் வேலை கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன், எம்.டெக். தேவைப்படும். ஆனால் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வெழுதி ஐஐடியிலோ பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலோ சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. குவால்காம், நோக்கியா, எரிக்சன் போன்ற நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள் பெங்களூரிலேயே இருக்கின்றன.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது தோட்டத்தை அடகு வைக்கக் கூடாது. மைத்துனரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை, ஆனால் தவணை கட்டப்போவது அவரல்ல.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். கலந்தாய்வின்போது விருப்பப் பட்டியலை மகளே நிரப்பட்டும். நீங்களும் மைத்துனரும் அதன் வரிசையை மாற்ற வேண்டாம்.