கேள்வி பதில்: நோய் போன வழியே போகிற வைத்தியம்

தொற்றுநோய்க் கட்டுப்பாட்டில் உள்ளூரிலும் வெளிநாட்டிலும் வேலை செய்த யாழ்ப்பாணத்து வைத்தியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: டொக்டர், உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறன். இந்தத் துறைக்கு வர என்ன வழி? (மாணவி, கோப்பாய்)

தங்கச்சி, முதலில் எம்.பி.பி.எஸ்., பிறகு உள்ளகப் பயிற்சி. அதன் பின் கொழும்பில் பட்டப்பின் படிப்பாகச் சமுதாய மருத்துவம் செய்யலாம். ஆனால் அதற்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒன்றில் கொஞ்சக் காலம் இருங்கோ. ஒரு டெங்கு நோயாளியின் வீட்டுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு போய், சிரட்டை, பூச்சாடி எல்லாம் கவிழ்த்துப் பார்த்தால்தான் இந்த வேலை பிடிபடும்.

கேள்வி: மலேரியாதான் ஒழிஞ்சு போச்சே, இனி என்ன வேலை? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி)

ஐயா, 1963இல் இலங்கை முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. வென்றுவிட்டோம் என்று கை தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோர் படுத்தார்கள். இப்போது 2012க்குப் பிறகு உள்ளூர்த் தொற்று நின்று, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. ஆனால் அடுத்த ஆண்டே மன்னாரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புது நுளம்பு கண்டதாக அறிவித்தார்கள். அது கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும். எங்கட ஊரில் வளவுக்கு ஒரு கிணறு! அள்ளிய தண்ணீரில் குடம்பி (நுளம்பின் புழு) மேற்பரப்போடு படுத்துக் கிடந்தால் அனோபிலிஸ். தலைகீழாகச் சரிந்து தொங்கினால் வேறு இனம். வாளியைக் குனிந்து பார்க்கிற அந்தப் பழக்கத்தை விடக்கூடாது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிற ஒருவரின் இரத்தம் பார்க்காமல் விட்டால், மலேரியா திரும்பி வர அதுவே போதும்.

கேள்வி: மகள் இந்த வேலைக்குப் போனால் அவவுக்கும் நோய் தொற்றிவிடுமோ எண்டு பயமாக் கிடக்கு. (தாய், மானிப்பாய்)

அம்மா, ஆபத்து உண்டு. தடுப்பூசி, கையுறை, முகக்கவசம், ஒழுங்கு: இவைதான் காப்பு. சோமாலியாவில் 1977இல் பெரியம்மை கண்ட அலி மாவ் மாலின் ஆஸ்பத்திரிச் சமையற்காரர். கை நோகும் என்று தடுப்பூசியைத் தவிர்த்தவர். இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதர் அவர்தான். பிழைத்த பின், தன் கதையைச் சொல்லியே பெற்றோரைப் போலியோ மருந்துக்கு இணங்க வைத்தார்.

கேள்வி: காய்ச்சல்காரரிடம் முதல் என்ன கேட்கிறது? (பயிற்சி வைத்தியர்)

தம்பி, எங்கே போனார், என்ன தொழில் என்று கேளுங்கோ. 2024 டிசம்பரில் மழைவெள்ளத்துக்குப் பின் இங்கே காய்ச்சலோடு மூச்சுத்திணறி ஆட்கள் இறந்தபோது ஊரே கலங்கியது. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நிற்கும்போது புண் வழியாகத் தொற்றுகிற நோய் அது. வயலுக்குள் இறங்கினீங்களா, காலில் புண் இருந்ததா, எத்தனை நாளுக்கு முந்தி? இந்த மூன்றையும் கேட்டு எழுதாமல் அடுத்த கட்டிலுக்குப் போகாதேங்கோ.