முளைப்பயறு, விதைப்பயறு: வாசகர் கேள்வி-பதில்

கே: "இருமடங்கு புரதம்" என்று அச்சடித்த முளைகட்டிய சிறுபயறு பாக்கெட் வாங்குகிறேன். விலையும் இருமடங்கு. உண்மைதானா? (மார்த்தாண்டம்)

ப: பொய். முளைக்கும் பயறு புரதத்தைச் செலவழிக்கிறது, சேர்ப்பதில்லை. சிறுபயறின் இரு பருப்பிலும் பெரும்பாலும் விசிலின் (vicilin) என்னும் சேமிப்பு வகைப் புரதம் நுண்ணிய பைகளில் அடைந்து கிடக்கிறது. ஈரம் ஏறியதும் நொதிகள் அதை அமினோ அமிலங்களாக நறுக்கி, வேருக்கும் தண்டுக்கும் அனுப்புகின்றன. மண்ணில் வேர் பிடிக்கும்வரை நாற்றுக்கு அதுதான் கட்டுச்சோறு. புரதம் கூட வேண்டுமானால் வெளியிலிருந்து நைட்ரஜன் வர வேண்டும். வெறும் தண்ணீரில் அது ஏது?

காய்ந்த பயறு 100 கிராமில் சுமார் 24 கிராம் புரதம். நீளமாக முளைவிட்ட 100 கிராமில் சுமார் 3 கிராம்தான்; மீதி பெரும்பாலும் தண்ணீர். முளையை உலர்த்தி அளந்தால் சதவீதம் சற்றே ஏறித் தெரியும். மாவுச்சத்து சுவாசத்தில் கரைந்துபோனதால் வரும் ஏற்றம் அது. அதை வைத்து இருமடங்கு என்று எவரும் அச்சடிக்க முடியாது. முளைகட்டுவதில் நன்மை உண்டு: வைட்டமின் சி உண்டாகிறது, வாயுத்தொல்லை தரும் சர்க்கரைகள் குறைகின்றன. அதையே நேராகச் சொல்லி விற்கலாமே!

நான் வாங்கிய ஒரு முளைப்பயறு சத்துமாவு டப்பாவில் முதலில் எழுதியிருந்த பொருளே சர்க்கரை. எடையில் அதிகமானதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. புட்டுக்குக் காய்ந்த பயறு வாங்கி வீட்டில் முளைகட்டுங்கள். நீங்கள் வாங்கிய "இருமடங்கு" பாக்கெட்டைப் படமெடுத்து வைத்து, நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள்.

கே: சிறுபருப்பை ஊறவைத்து இரண்டு நாளாயிற்று, முளைக்கவில்லை. கடையில் கேட்கலாமா? (குலசேகரம்)

ப: வேண்டாம். உடைத்த பருப்பு முளைக்காது.

கே: விதைக்கடையில் இளஞ்சிவப்புப் பூச்சுள்ள பயறு மலிவாகக் கிடைத்தது. கழுவி முளைகட்டலாமா? (குழித்துறை)

ப: கூடவே கூடாது. அந்த நிறம் மருந்து பூசியதற்கான அடையாளம், கழுவினால் போகாது. பையில் இருக்கும் எச்சரிக்கையைப் படிக்காமல் சாப்பாட்டுப் பொருள் வாங்குவதா? பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கே: கேரளத்துப் பாறசாலையில் நீலச்சீட்டு போட்ட பெரும்பயறு விதை பில்லோடு வாங்கினேன். பாதிகூட முளைக்கவில்லை. அடுத்த மாநிலக் கடை என்பதால் விட்டுவிட வேண்டியதுதானா? (களியக்காவிளை)

ப: விடாதீர்கள். உழைப்பும் பருவமும் சேர்ந்து போயிருக்கின்றன, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நீலச்சீட்டு என்றால் சான்று பெற்ற விதை. 100-க்கு 75-ஆவது முளைக்க வேண்டும். மீதமுள்ளதில் 100 மணியை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து எண்ணிப் பாருங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம். விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என்று ஆந்திர உழவர்கள் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மீதி விதை, பை, சீட்டு, பில் எதையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.