கேம்பர் வண்டி: மீதிப் பணம் தரும் முன் ஒகேனக்கல் வரை ஓட்டிப் பாருங்கள்

கேள்வி: பிக்கப் வண்டியில் படுக்கை கேபின் கட்டியிருக்கிறோம். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, 200 வாட் சோலார் பேனல், வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், இன்வெர்ட்டர். கட்டிக் கொடுத்தவரின் ஷெட்டில் பார்த்தபோது சோலார் மீட்டரில் 12 வாட்தான். பேட்டரி ஃபுல், அதனால்தான் என்கிறார். நம்பலாமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: அவர் சொல்வது சரியாக இருக்கலாம். நிறைந்த பேட்டரி கரண்டை வாங்காது. அதனாலேயே ஷெட்டில் பார்த்ததைச் சோதனையாகக் கொள்ள முடியாது. பேட்டரியை முதலில் இறக்குங்கள்.

மாலையில் ஷண்ட் மீட்டரை (பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் கரண்டைக் கணக்கிடும் மீட்டர்) 100 சதவீதத்தில் வைத்து, ஃபிரிட்ஜ், ஃபேன், லைட்டை இரவு முழுக்க ஓட விடுங்கள். காலையில் 40 முதல் 45 ஆம்பியர்-அவர் இறங்கியிருக்கும். வோல்ட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பாதி காலியானாலும் லித்தியம் 13 வோல்ட்டையொட்டியே நிற்கும்.

பிறகு சோலாரை ஆஃப் செய்துவிட்டு தருமபுரி, பென்னாகரம் வழியாகக் கிளம்புங்கள். ஃபிரிட்ஜ் ஓடும்போதும் பேட்டரிக்குள் 25 ஆம்பியராவது போக வேண்டும். 10, 12தான் என்றால் எஞ்சின் ஓடும்போதே வண்டி பேட்டரியிலும் சார்ஜர் வாயிலிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேபிள் மெலிசு, அல்லது கேபிள் நுனியில் பொருத்தும் உலோக முனையான லக் சரியாக அழுத்தப்படவில்லை. 5 மீட்டர் தூரத்துக்கு 16 ஸ்கொயர் எம்எம் கேபிள் வேண்டும். பலர் 6 போட்டு மிச்சம் பிடிக்கிறார்கள், அதில் ஒரு வோல்ட் போய்விடும். லக் மேலுள்ள ஸ்லீவ் சூட்டில் உருகிப் பழுப்பேறியிருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள்: அந்த இடம் சூடேறுகிறது. பல பிஎஸ்6 (புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டிகளில், எஞ்சின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்நேட்டர் வோல்ட்டைத் தானே இறக்கி ஏற்றும்; மலை இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் கூடும். அதனால் பென்னாகரம் வரை சமதளத்தில் கிடைக்கும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தியதும் சார்ஜரும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒரே இரவில் ஸ்டார்ட்டிங் பேட்டரி காலி.

ஒகேனக்கலில் மதியம் மரநிழல் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். வழியிலேயே பேட்டரி நிறைந்திருந்தால் இன்வெர்ட்டரில் லோடு போட்டுச் சற்று இறக்கிவிட்டு, சோலாரை ஆன் செய்யுங்கள். கூரையில் படுத்துச் சூடேறிய 200 வாட் பேனல் 130 முதல் 150 வாட் தந்தால் நல்லது. ஒரு கிளையின் நிழல் குறுக்கே விழுந்தாலே பாதிக்கும் கீழே போகும்.

இன்வெர்ட்டரில் 1500 வாட் இண்டக்ஷன் அடுப்பு போட்டால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 140 ஆம்பியர் இழுக்கும். இந்த அளவு பேட்டரிகள் பெரும்பாலும் 100 ஆம்பியரில் கட் ஆகும். அது பழுதல்ல. ஆனால் இண்டக்ஷன் ஓடும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் பொறுப்பு அவருடையது.

பில்லில் பேட்டரியின் சீரியல் எண், கேபிள் அளவு இரண்டையும் எழுதி வாங்குங்கள். சரிசெய்து தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.